கொய்த காய்க்கும் மூச்சுண்டு

சொல்வளம் பற்றிப் பாடஞ் சொல்லும் போதெல்லாம், மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டிய சொல்வரிசை ஒன்றை மாணவர்க்கு எடுத்துரைப்பது என் வழக்கம். கெட்டுப்போன காய்க்கும் கனிக்கும் தமிழர் இட்டு வழங்கிய பெயர்கள் அவை. நுனி ஒடுங்கிப்போன காய் சூம்பல். தோல் திரைந்த பழம் சிவியல். புழுவும் பூச்சியும் அரித்தது சொத்தை. பருவம் வருமுன்னே சூட்டினாற் பழுத்த பிஞ்சு வெம்பல். குழைந்து நெகிழ்ந்த பழம் அளியல். அந்நிலையையுங் கடந்து நாற்றமெடுத்தது அழுகல். உள்ளீடின்றிப் பதராகிய மிளகாய் சொண்டு. ஒவ்வொரு கேட்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்த மக்களின் கூர்மையை வியந்து, அவ்வியப்பை மாணவர்க்கும் ஊட்டி, மணி அடித்ததும் வகுப்பை விட்டு வெளியேறிவிடுவேன்.

ஒருநாள் அவ்வாறு வெளியேற முடியவில்லை. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவன், அதிகம் பேசாதவன். "ஐயா, இவையெல்லாம் கெட்ட பிறகு வைத்த பெயர்கள். கெடாமல் வைத்திருப்பதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான்.

"பதப்படுத்தல்" என்று உடனே விடையிறுத்தேன். வற்றல், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய், யாழ்ப்பாணத்துப் புழுக்கொடியல் என்று எடுத்துக்காட்டுகளையும் அடுக்கினேன். அவன் அமர்ந்தான், ஆயினும் நிறைவடைந்தவனாகத் தோன்றவில்லை. "போஞ்சியை வற்றல் போட்டால் யார் ஐயா வாங்குவார்கள்?" என்று தனக்குத் தானே சொல்வான் போல மெல்லச் சொன்னான். வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன். வீடு திரும்பிய பின்னரே அது நகைப்புக்குரிய வினா அன்று என்பது உறைத்தது.

அவன் தந்தையார் தோட்டத்தில் வேலை செய்பவர். லயத்தின் பின்புறத்துச் சரிவில், கைகளால் வரம்பு கட்டிய சிறு துண்டு நிலத்தில், போஞ்சியும் கோவாவும் கரட்டும் பயிரிடுகின்றார். முந்திய வாரம் அவர் அனுப்பிய போஞ்சியில் ஏறக்குறையப் பாதி, "பழுதாகிவிட்டது" என்னும் ஒற்றைச் சொல்லோடு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதாம். நான் வகுப்பில் ஏழு சொல் சொல்லி வியந்த பொருளை, மண்டிக்காரர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவ்வீட்டுக்குச் சென்றேன். முற்பகலிற் பறித்த போஞ்சியைப் பொலிசாக்குகளிலே திணித்து, வாய் தைத்து, வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தனர். லொறி இரவுதான் வரும். "கைய உள்ள விட்டுப் பாருங்க ஐயா" என்றார் தந்தையார். தையலை நெகிழ்த்து முழங்கை மட்டும் விட்டுப் பார்த்தேன். வெளியே மலைக்காற்றுச் சில்லென்று வீசுகின்றது. சாக்கின் நடுவிலோ காய்ச்சற்காரன் நெற்றியைத் தொட்டாற் போன்ற சூடு. "அடைச்சு வச்சா புழுங்குதுங்க" என்றார் அவர். "அது மூச்சு விடுதுப்பா" என்றான் மகன். விஞ்ஞானப் பாடத்திற் கேட்டானாம்.

இருவர் கூற்றும் உண்மையே. செடியிலிருந்து பிரிந்தவுடன் காய் இறந்துவிடுகிறது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. பறித்த காயும் கிழங்கும் இலையும் ஒட்சிசனை உள்ளிழுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பிரான்சு தேசத்து மொன்பெலியே நகரில் யாக் பெரார் என்னும் இரசாயன அறிஞர் 1821ஆம் ஆண்டிலேயே கனிகளை வைத்து இதனை ஆராய்ந்து வெளியிட்டார். செடியில் இருக்கும்போது வேர் நீர் தந்தது. இலை உணவு தந்தது. பறித்த பின் இரண்டும் இல்லை. தன்னுள்ளே சேர்த்து வைத்த சர்க்கரையையும் நீரையுமே அது செலவு செய்து வாழவேண்டும். வருவாய் நின்றுபோன குடும்பம் பெட்டியில் இருப்பதை எடுத்துச் செலவு செய்வதை ஒக்கும் அந்த வாழ்வு. அச்செலவின்போது பிறப்பதே சாக்கினுள் நான் தொட்ட சூடு.

இந்தச் சூட்டில் ஒரு வஞ்சகமும் உண்டு. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது. மூச்சு விரைந்தால் சூடு மிகும்; சூடு மிகுந்தால் மூச்சு இன்னும் விரையும். காற்றுப் புகாத சாக்கில் திணித்த காய் தன் சூட்டில் தானே வேகின்றது எனலாம். எல்லாக் காய்க்கும் இவ்வேகம் ஒன்றன்று. உருளைக்கிழங்கும் வெங்காயமும் மெல்ல மூச்சு விடுபவை. ஆதலின் மாதக்கணக்கில் இருக்கின்றன. போஞ்சியோ இளங்காய், வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்திலேயே நாம் அதனைப் பறிக்கின்றோம். அதன் மூச்சு உருளைக்கிழங்கின் மூச்சைவிடப் பல மடங்கு விரைவானது.

இனி நம் ஊரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பண்டாரவளை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே விளைந்த காய் ஹப்புத்தளை, பெரகலை வழியாக வளைந்து வளைந்து இறங்கி, பலாங்கொடையையும் இரத்தினபுரியையும் கடந்து கொழும்பை நோக்கிச் செல்கின்றது. பல்லாண்டு புறக்கோட்டையில் இயங்கிய மெனிங் சந்தை 2020 நவம்பரிற் பேலியகொடைக்குப் பெயர்ந்தது. மலைநாட்டு மரக்கறி இன்று இறங்குமிடம் அதுவே. ஆயிரம் மீற்றர் இறங்கினால் காற்றின் வெப்பம் 6 அல்லது 7 பாகை கூடுவது இயற்கை விதி. ஆகவே குளிர்ந்த மலையிற் பிறந்த காய், வேறெந்தப் பிழையும் நேராவிடினும், ஓர் இரவுப் பயணத்தில் இறங்கிய இறக்கத்தாலேயே இருமடங்கை நெருங்கும் வேகத்தில் மூச்சுவிடத் தொடங்குகின்றது. நாம் லொறியில் ஏற்றும்போது பார்த்த காயும், பேலியகொடையில் விடியற்காலையில் அவிழ்க்கும் காயும் ஒன்றல்ல. இடையே அதற்கு வயது ஏறிவிடுகின்றது.

மாணவனுக்கு நான் சொன்ன விடை எத்துணைப் பிழையானது என்பது இப்போது விளங்கிற்று. வற்றலிடுவதும் உப்பிலிடுவதும் காயின் உயிரைப் போக்கி உடலைக் காக்கும் வழிகள். வெயில் நீரை ஒழிக்கின்றது, உப்பு நுண்ணுயிரை ஒடுக்குகின்றது, மூச்சும் அடங்கிவிடுகின்றது. அந்தீசு மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் உலர்த்தி, மிதித்து நீரகற்றிச் 'சூன்யோ' என்னும் வற்றலாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் இவ்வகையே. போற்றத்தக்க கலை, ஐயமில்லை. ஆனால் போஞ்சியைப் போஞ்சியாகவே, ஒடித்தால் ஒடியும் பசுமையோடு விற்க விரும்புபவனுக்கு அது விடையாகாது. அவன் காக்க வேண்டியது உயிருள்ள ஒன்றை. உயிருள்ளதைக் காப்பதற்குத் தமிழில் 'ஓம்பல்' என்னும் சொல் உண்டு. குழந்தையை ஓம்புகிறோம், விருந்தை ஓம்புகிறோம், உடலை ஓம்புகிறோம். பறித்த காயையும் ஓம்பல் வேண்டும். இதனை அடுத்த வகுப்பிற் சொன்னேன். சொல் கிடைத்த மகிழ்ச்சி எனக்கு இருந்தது. செயல் என்ன என்பதை அறிவதற்குத்தான் நெடுநாள் ஆயிற்று.

ஊவாவில் இதற்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று காற்று, மற்றொன்று மழை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகின்றது. ஆனி முடிவிலிருந்து ஆவணி கடந்தும் வீசும் இக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற நறுமணத்தைத் தருவது. தேயிலைக்கு வரமான அக்காற்று மரக்கறிக்குச் சாபம். காய்களின் எடையில் பெரும்பகுதி நீர். அந்நீரில் நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் போனாலே பலவற்றின் பொலிவு கெட்டு விலை போகாத நிலை வந்துவிடும். நீர் போவது எடை போவதுமாகும். எனவே வாடிய காய்க்கு உழவன் இரண்டு முறை இழக்கின்றான், நிறையில் ஒருமுறை, விலையில் ஒருமுறை. கரட்டைத் தழையோடு வைத்தால் பார்வைக்கு அழகு. ஆயினும் அத்தழை கிழங்கின் நீரையே உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தழையைக் கிள்ளிய கரட் 0 பாகைக் குளிரிலும் நிறைந்த ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் இருக்க வல்லது. தழையோடு கட்டியதோ சில நாளிற் சுருங்கும். குளிரறை இல்லாத வீட்டிலும் தழையைக் கிள்ளுதல் இயலும் அன்றோ? கத்திகூட வேண்டுவதில்லை.

ஐப்பசி பிறந்தால் மழை. அப்போது வாடல் இல்லை, அழுகல் வந்துவிடும். கோவாவையும் கரட்டையும் தாக்கும் மென்னழுகல் என்னும் நோய் பற்றீரியாவினால் வருவது. முழுத்தோலை ஊடுருவ அதற்கு வலியில்லை. காயம் எங்கே என்று தேடும். கோவாவின் வெட்டுவாய், கரட்டின் கீறல், சாக்கில் உரசிய தழும்பு, நகம் பதிந்த இடம் யாவும் அதற்குக் கதவுகள். சேற்றுநீரிற் கழுவிய கரட் பளபளக்கும். ஆனால் ஒரு கிழங்கின் நோயை அந்நீர் நூறு கிழங்குக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். கோவாவை வெட்டும்போது வெளியிலைகள் இரண்டு மூன்றை விட்டு வெட்டுதலும், வெட்டுவாயில் நூற்றுக்கு 15 வீதப் படிகாரக் கரைசலைத் தடவி உலரவிடுதலும் ஆசிய நாடுகள் பலவற்றில் ஆராய்ச்சியாளர் பரிந்துரைக்கும் எளிய முறை. படிகாரம், முகம் மழிக்கும் கடையில் காயத்துக்கு வைப்பார்களே, அதே பொருள்தான். மனிதன் கன்னத்துக்குச் செய்வதைக் கோவாவின் காம்புக்குச் செய்கின்றோம்.

பறிக்கும் வேளையிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. வெயில் ஏறுமுன் பறித்தால் காய் குளிர்ந்திருக்கும். ஆனால் பனி நீர் சொட்டும்போது போஞ்சியைப் பறித்துச் சாக்கில் அடைத்தால் அழுகலுக்கு விதை போட்டவாறாகும். பனி உலர்ந்த பின், வெயில் உறைக்கும் முன், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பொழுதே பதம். அந்தோ, அப்பொழுதிலேதான் தோட்டத்தில் மலைக்கு வேலைக்குப் போகவேண்டும்! பெயர்ப்பதிவுக்கு நேரமாகிவிட்டதே என்று முதல் நாள் மாலையில் வெயில் காய்ந்த காயையோ, விடியற்காலை நனைந்த காயையோ பறிப்பவரைக் குறை சொல்லுதல் எளிது. அவர் நாளில் அந்த இரண்டு மணி நேரம் அவருக்குச் சொந்தமன்று.

சாக்கைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கையில் விளையும் காய்கனியில் நூற்றுக்கு 30 முதல் 40 வீதம் உண்பவர் வாயை அடையாமலே வீணாகின்றது என்பது ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக்காட்டும் கணக்கு. உலக முழுமைக்கும் எடுத்தாலும், விளைந்த உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இழப்பாகவோ வீணாகவோ போகின்றது என ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2011ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. நம் நாட்டு இழப்பில் பெரும்பங்கு சாக்கினுள் நிகழ்வது. அளவுக்கு மேல் திணித்தல், கயிற்றால் இறுக்குதல், மூட்டை மேல் மூட்டையாக ஏற்றுதல், அவற்றின்மேல் ஆட்கள் ஏறி அமர்தல், இறக்குமிடத்தில் தோளிலிருந்து தொப்பென்று போடுதல் ஆகியவை அதற்குக் காரணம். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரை 'நாட்டாமை' என்பர். ஊர்த்தலைவனைக் குறித்த சொல் மூட்டை சுமக்கும் தோளுக்கு எவ்வாறு இறங்கிற்று என்பது ஆராயத்தக்கது; மற்றொரு நாள் பார்ப்போம். அவர் தோளிலிருந்து மெல்ல இறக்க வேண்டுமென்று நாம் விரும்பினால், மூட்டை ஒரு மனிதன் மெல்ல இறக்கக்கூடிய பாரமாக இருத்தல் வேண்டும்.

இதனை அரசு அறியாமல் இல்லை. 2011 டிசம்பரில், மரக்கறியும் பழமும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டு செல்லப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அறிவியல் நோக்கில் அது சரியான கட்டளையே. கூடையின் பாரத்தைக் கூடையின் விளிம்பு தாங்கும், காய் தாங்குவதில்லை. பக்கத் துளைகளின் வழியே காற்றும் ஓடும். ஆயினும் தம்புள்ளையிலும் மலைநாட்டிலும் வியாபாரிகளும் விவசாயிகளும் வெகுண்டெழுந்தனர், கட்டளை தளர்ந்தது. அறியாமையால் எதிர்த்தனர் என்று பேசியவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கூடை வாங்கும் பணம் யார் கையிலிருந்து? ஒரு லொறியிற் கூடையாக ஏற்றினால் மூட்டையாக ஏற்றுவதைவிடக் குறைந்த எடையே செல்லும்; அக்கூலியின் ஏற்றம் யார் தலையில்? கொழும்புக்குச் சென்ற வெறுங்கூடை மலைக்குத் திரும்பி வருமா? இம்மூன்று வினாவுக்கும் விடை இல்லாமல் வந்தது கட்டளை. கோவாவையும் லீக்ஸையும் போஞ்சியையும் ஒரே அளவுக் கூடைக்குள் அடக்குவது எவ்வாறு என்னும் வினாவும் இருந்தது. காயைக் காக்கும் செலவை, காயினால் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவன்மேல் ஏற்றினால் அவன் மறுப்பதில் வியப்பென்ன? அன்று முதல் இன்றுவரை நம் வீதிகளில் இரண்டையும் காணலாம். பேரங்காடிகளுக்குப் போகும் காய் கூடையிற் போகின்றது. மற்றது சாக்கிற் போகின்றது.

உருளைக்கிழங்கின் கதை இதனினும் இன்பமானது. வெலிமடை, ஊவா பரணகமப் பகுதிகள் அதற்குப் பெயர் பெற்றவை. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் நம் பண்டாரவளையிலேயே இருக்கின்றது. தோண்டிய கிழங்கில் மண்வெட்டி பட்ட காயங்கள் இருக்கும். 15 முதல் 20 பாகை வெப்பத்தில், ஈரக்காற்றில், பத்துப் பதினைந்து நாள் அதனைச் சும்மா விட்டால், தன் காயத்தின்மேல் தானே புதுத்தோல் நெய்துகொள்ளும். அந்த வெப்பமோ நம் ஊரின் இயல்பான வெப்பம். விலை கொடுத்து வாங்கவேண்டுவதன்று. பின்னர், உண்ணுங் கிழங்கை இருளில் வைக்க வேண்டும். ஒளி பட்டால் பச்சை பிடிக்கும். பச்சையோடு சொலனின் என்னும் கைப்பு நஞ்சும் பெருகும். விதைக்கிழங்குக்கோ நேர்மாறான விதி. அதனை இருளில் வைத்தால் வெளுத்து நீண்ட முளைகள் கிளம்பி ஒடிந்துபோகும். வெயில் நேரே படாத மெல்லொளியில், தட்டுகளிற் பரப்பி வைத்தால், குட்டையான தடித்த முளைகள் தோன்றும். பெரு நாட்டு லீமா நகரில் 1971இல் நிறுவப்பெற்ற சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பரப்பிய இந்த மெல்லொளிக் களஞ்சிய முறையை மேற்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒரே கிழங்கு; உண்பதற்கு இருள், விதைப்பதற்கு ஒளி.

குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் ஒன்று அறிதல் நலம். குளிர் எல்லாக் காய்க்கும் நன்று என்பது தவறு. மலைநாட்டுக் காய்களான கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் யாவும் 0 பாகையை விரும்பும். வெப்ப நிலத்தில் தோன்றிய குடும்பத்துக் காய்களான போஞ்சி, கத்தரி, வெள்ளரி, தக்காளி, பூசணி முதலியவை கடுங்குளிரில் நோயுறும். போஞ்சிக்கு 5 முதல் 7 பாகை போதும். அதனினும் குறைந்த குளிரில் நாட்கணக்கில் வைத்தால் தோலிற் குழியும் துருப்போன்ற புள்ளியும் தோன்றும். பழுக்காத தக்காளியைப் பெட்டிக்குள் வைத்தால் பின்னர் ஒருபோதும் செவ்வையாகப் பழுக்காது, சுவையும் போய்விடும். அதனை மேசைமேல் வைப்பதே அறிவு. வாழைப்பழச் சீப்பின் அருகே கரட்டையும் கோவாவையும் வைத்தலும் ஆகாது. பழுக்கும் கனி வெளிவிடும் எதிலீன் வாயுவினாற் கரட் கைக்கும்; கோவா மஞ்சள் பூக்கும். எங்கள் ஆசிரியர் அறையில் இவையாவும் ஒரே தட்டில்தான் இருந்தன. இப்போது பிரித்து வைத்திருக்கின்றோம்.

குளிரறையும் குளிரூட்டிய லொறியும் இருந்தால் இவற்றுட் பாதி வினாக்கள் எழா. அவை இல்லாத மலைச்சரிவில், லொறி வராத இரண்டு நாளை எவ்வாறு கடப்பது என்பதே என் மாணவன் வீட்டின் வினா. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் எரிபொருளின்றி வண்டிகள் நின்றபோதும், அந்த இரண்டு நாள் பல நாளாயிற்று. லயங்களின் ஓரத்தில் குவிந்து மஞ்சளாகிய போஞ்சியை அப்போது எல்லோரும் பார்த்தோம். மாட்டுக்குக் கொட்டினர், எருக்குழிக்கும் கொட்டினர்.

இதற்கு ஒரு வழியைப் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களின் தொடக்கத்திற் கண்டனர். மின்சாரம் வேண்டாத குளிரறை அது. செங்கல் பாவிய தரை. அதன்மேல் இரட்டைச் சுவர். இரு சுவருக்கும் இடையே நாலு விரற்கடை, ஏறக்குறைய 7.5 சென்ரிமீற்றர், இடைவெளி. அவ்விடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பிக் காலையும் மாலையும் நீர் வார்க்க வேண்டும். மேலே வைக்கோல் மூடி. மணலின் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துச் செல்கின்றது. உள்ளே குளிரும் ஈரமும் தங்குகின்றன. வியர்த்த உடலிற் காற்றுப் பட்டாற் குளிர்வதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. கோடையில் வெளிவெப்பத்தைவிட 10 பாகைக்கு மேலும் உள்ளே குறையக் கண்டனர். ஈரப்பதம் 90 வீதத்தை எட்டிற்று.

நைஜீரியாவில் மொகமது பா அப்பா என்பார் இதே விதியைப் பானைக்குள் பானையாக்கினார். குயவர் குடியிற் பிறந்து ஆசிரியரானவர். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையே ஈரமணல், மேலே நனைந்த துணி, இவ்வளவே. மூன்று நாளில் வாடும் கத்தரி அதனுள் 27 நாள் இருந்தது எனப் பதிவு செய்துள்ளனர். 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஓர் ஆசிரியர் செய்தது என்பதனாற் போலும், எனக்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி.

வறண்ட காற்று வீசும் நாட்டுக்கே இம்முறை பொருந்தும். ஈரக்காற்றில் நீர் ஆவியாகாது, குளிரும் பிறவாது. ஆகவே ஐப்பசி மழைக்கு இது பயன்படாது. ஆனால் ஊவாவின் ஆடி ஆவணிக் காற்று இதற்கென்றே அமைந்தது அன்றோ! காயை வாட்டும் அதே காற்றைக் காயைக் குளிர்விக்கும் வேலைக்கு அமர்த்தலாம். இவ்வெண்ணத்தை மாணவனிடம் படம் வரைந்து சொன்னேன். தந்தையும் மகனும் இரண்டு வாரத்தில் லயத்தின் பின்புறம், முருங்கை மர நிழலில், இடிந்த சுவரொன்றின் பழஞ்செங்கல்லைக் கொண்டு இடுப்பளவுத் தொட்டி ஒன்றைக் கட்டிவிட்டனர். மணல் ஓடையிலிருந்து வந்தது. வைக்கோலுக்கு மாறாக நனைத்த சணற்சாக்கு. நீர் வார்க்கும் பொறுப்பு அவ்வீட்டுச் சிறுமியுடையது.

செவ்வாயன்று பறித்த போஞ்சி, வியாழன் இரவு லொறி வரும்வரை அதனுள் இருந்தது. நான் வியாழன் மாலை சென்று பார்த்தேன். கையை விட்டேன், சூடில்லை. ஒடித்தேன்; ஓசையோடு ஒடிந்தது. உள்ளே வைத்தது ஏறக்குறைய 30 கிலோ. பலகைத்தட்டில் மெல்லிய படையாகப் பரப்பியிருந்தனர். மகன் முகத்தில் இருந்த ஒளியைச் சொல்லி மாளாது.

வெள்ளிக்கிழமை விலைச்சீட்டு வந்தது. முன்போலவே ஒரு பங்கு 'கழிவு' என்று குறைக்கப்பட்டிருந்தது. காய் நன்றாக இருந்ததை மண்டிக்காரரும் ஒப்புக்கொண்டாராம். ஆயினும் கழிவு என்பது வழமையாம்; எல்லோருக்கும் கழிப்பதாம்; ஒருவருக்கு விட்டால் மற்றவர் கேட்பாராம். இச்செய்தியை மாணவன் என்னிடம் சொன்னபோது அவன் குரலில் சினம் இல்லை; அதுவே எனக்கு வருத்தத்தை மிகுவித்தது. கெட்டதற்கு ஏழு சொல் வைத்த மொழியில், கெடாததையும் கழிக்கும் இந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன இலக்கணம் சொல்வேன்?

தந்தையார் சில நாள் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "லொறிக்குப் பாதி, நமக்குப் பாதி" என்று முடிவு செய்தார். வியாழன் பறித்ததிற் பாதியைத் தொட்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பண்டாரவளைச் சந்தைக்கு மகனோடு தாமே சுமந்து வந்தார். நான் போனபோது சந்தைச் சுவரின் நிழலில், ஈரச்சாக்கை விரித்து அதன்மேற் போஞ்சியைப் பரப்பியிருந்தனர். பக்கத்துக் கடைகளில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய காய்கள் குவியலாகக் கிடந்தன. முதிய சிங்கள அம்மையார் ஒருவர் குனிந்து ஒரு போஞ்சியை எடுத்து, இரு கைவிரலாலும் வளைத்துப் பார்த்தார். 'படக்' என்று ஒடிந்தது. "என்று பறித்தது?" என்று சிங்களத்திற் கேட்டார். மாணவன் தந்தையைப் பார்த்தான். "உள்ளதச் சொல்லு" என்றார் தந்தையார்.

"வியாழக்கிழமை" என்றான்.

அம்மையார் ஒடிந்த காயை மீண்டும் ஒருமுறை பார்த்தார்; அரைக் கிலோ நிறுக்கச் சொன்னார்.